கிடைத்த இடமும் விட நினைக்கும் பாடமும்

(கல்வி உதவிநிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

உதவிநிதி வழங்கும் நாளில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதை அறியாதவர் இம்மண்டபத்தில் எவருமில்லை. ஆகவே, எனக்கு அளிக்கப்பட்ட இச்சில நிமிடங்களை ஒரே ஒரு கேள்விக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். கல்விக் குழுவில் ஓர் உறுப்பினராக இருப்பதால், விண்ணப்பப் பாரத்தோடு வரும் பெற்றோரும் பிள்ளைகளும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி அது. "சார், காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. இனி இந்தக் கஷ்டமான பாடத்தை விட்டுவிடலாமா?"

எங்கள் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. தேர்வு முடிவு கைக்கு வந்த பிறகே அடுத்த படியைப் பற்றி நினைத்தோம். இன்று நிலைமை வேறு. பிள்ளைகள் 'ட்ரையல்' என்று சொல்லும் முன்னோட்டத் தேர்வின் புள்ளிகளைப் பார்த்தே தனியார் கல்லூரிகள் பல இடம் கொடுத்துவிடுகின்றன. ஃபவுண்டேஷன் எனும் அடித்தளப் படிப்புக்கும், ஏ-லெவலுக்கும், டிப்ளோமாவுக்கும் அப்படிக் கடிதம் வருகிறது. எஸ்.பி.எம். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது; ஆனால் வீட்டில் இனிப்பு வாங்கியாகிவிட்டது. பாட்டியிடமும் பெரியப்பாவிடமும் சொல்லியாகிவிட்டது. அந்த மகிழ்ச்சியின் நடுவேதான் பிள்ளையின் மனத்தில் இந்த எண்ணம் மெல்ல நுழைகிறது. இடம் உறுதியாகிவிட்டது, பிறகு எதற்காக இந்தக் கூடுதல் கணிதத்தோடு இரவெல்லாம் போராட வேண்டும்?

இக்கேள்வியைக் கேட்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று நான் நினைப்பதில்லை. நேர்மையான பிள்ளைதான் வாய்விட்டுக் கேட்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இடைநிலைப்பள்ளியில் கணிதம் போதித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இக்கேள்விக்கு 'விடு' என்றோ 'விடாதே' என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்பவர், பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பதிலைத் தேடுமுன் மூன்று காரியங்களை நாம் பார்க்க வேண்டும்.

முதலாவது, கையில் இருக்கும் கடிதம்.

இவ்வாண்டு பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாயாரும் மகளும் வந்தார்கள். தாயார் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கடிதத்தைக் கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். "இடம் கிடைத்துவிட்டது சார்" என்று அதை என் கையில் கொடுத்தார். முதல் பக்கத்தில் வாழ்த்து இருந்தது. இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். எஸ்.பி.எம். தேர்வில் குறிப்பிட்ட பாடங்களில் கிரெடிட் பெற்றால்தான் இந்த இடம் செல்லும் என்று அங்கே எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை இருவருமே படித்திருக்கவில்லை.

அன்பர்களே, முன்னோட்டத் தேர்வை வைத்துக் கொடுக்கப்படும் இடம் நிபந்தனையோடு வரும் இடம். அடித்தளப் படிப்புக்கும் ஏ-லெவலுக்கும் பொதுவாக எஸ்.பி.எம். தேர்வில் 5 கிரெடிட் வேண்டும். டிப்ளோமாவுக்கு 3 கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது 'சி' அல்லது அதற்கு மேல். இது பொதுவான தேவை. இதற்கு மேல் ஒவ்வொரு துறைக்கும் தனித் தேவை உண்டு. மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றோடு, கணிதம் அல்லது கூடுதல் கணிதம், மேலும் ஒரு பாடம் என ஐந்திலும் குறைந்தது 'பி' வேண்டும். அங்கே 'அல்லது' என்ற ஒரு சொல் இருப்பதைக் கவனியுங்கள். கணிதத்தில் நல்ல புள்ளி வாங்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் பெரிய ஆறுதல். பொறியியலுக்கும் காப்பீட்டுக் கணிதத்திற்கும் போகும் பிள்ளைக்கு அந்த ஆறுதல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கூடுதல் கணிதத்தையே பெயர் சொல்லிக் கேட்கும் கல்லூரிகள் உண்டு.

கட்டணச் சலுகை கிடைத்த பிள்ளைகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எத்தனை 'ஏ' என்று எண்ணித்தான் பல கல்லூரிகள் சலுகை தருகின்றன. முன்னோட்டத் தேர்வில் எண்ணியதை எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மறுபடியும் எண்ணுவார்கள். ஒரு பாடம் குறைந்தால் சலுகையும் குறையலாம். பல ஆயிரம் வெள்ளி அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. ஆகவே கடிதத்தின் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். புரியாவிட்டால் கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசி, 'இந்தப் பாடம் இல்லாவிட்டால் என் இடம் நிற்குமா?' என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மற்றக் கதவுகள்.

கையில் உள்ள கடிதம் ஒரு கதவு. எஸ்.பி.எம். முடிவு வந்தபின் வேறு கதவுகளும் திறக்கின்றன. மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. படிவம் ஆறு இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் அடித்தளப் படிப்புகள் இருக்கின்றன. இவற்றில் ஆகும் செலவு தனியார் கல்லூரிச் செலவோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. இன்று கடிதத்தைக் கண்டு மகிழும் தந்தை, கட்டணப் பட்டியலைக் கண்டதும் இரவில் தூக்கமின்றிப் புரளுகிறார் என்பது எங்கள் குழுவுக்குத் தெரியும். நான்கு மாதம் கழித்து அவருக்கு மெட்ரிகுலேஷன் இடம் பெரிய வரமாகத் தோன்றலாம். ஆனால் மெட்ரிகுலேஷனில் அறிவியல் துறைக்குப் போகக் கூடுதல் கணிதத்தையும் பார்க்கிறார்கள். அந்தப் பாடத்தை இன்று விட்ட பிள்ளை, அந்தக் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டுப் போகிறது.

2024-ஆம் ஆண்டு அரசாங்கம் ஓர் அறிவிப்புச் செய்தது. எஸ்.பி.எம். தேர்வில் 10 'ஏ'-யும் அதற்கு மேலும் பெறும் மாணவர்கள் எந்த இனத்தவராயினும் மெட்ரிகுலேஷனில் இடம் பெறுவர் என்பதே அது. நம் சமுதாயம் நெடுங்காலமாகக் கேட்டுவந்த ஒன்றுக்கு அது ஒரு பதில். இப்போது எளிய கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 10 பாடம் எழுதவிருந்த கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை விட்டு 9 பாடம் எழுதினால், எல்லாவற்றிலும் 'ஏ' வாங்கினாலும் 10 வராது. இதைச் சொன்னபோது ஒரு மாணவன் என்னைத் திகைத்துப் பார்த்தான். அவன் விட நினைத்தது தமிழ் இலக்கியம்.

தமிழைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2009-இல், எஸ்.பி.எம். பாடங்களை 2010 முதல் 10-ஆக வரையறுக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப்போகுமே என்று நாடு முழுவதும் நம்மவர்கள் குரல் கொடுத்தார்கள். அதன் பிறகே 10 பாடத்தோடு மேலும் 2 பாடம் எடுக்கலாம் என்று வழி பிறந்தது. அன்று கூட்டங்களுக்கு வந்தவர்களில் சிலர் இன்று இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். அப்படிப் பெற்ற இடத்தை, 'இடம் கிடைத்துவிட்டது, இனித் தமிழ் எதற்கு?' என்று பிள்ளைகள் முதலில் காலி செய்யும்போது மனம் வருந்துகிறது. ஆயினும் வருத்தத்தை வைத்துப் பிள்ளையைக் கட்டிப்போட முடியாது. தமிழை விடக் கூடாது என்று சொல்லும் நாம், அந்தப் பிள்ளைக்கு இலக்கியம் சொல்லித்தர ஓர் ஆசிரியரைத் தேடிக் கொடுத்தோமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, கடினம் எங்கே இருக்கிறது என்பது.

'கூடுதல் கணிதம் வரவில்லை' என்று பிள்ளை சொல்கிறது. எது வரவில்லை? பட்டர்வொர்த்திலிருந்து வந்த அந்த மாணவியிடம் ஒரு தாளைக் கொடுத்து, வகையிடல் கணக்கு ஒன்றைப் போடச் சொன்னேன். பிள்ளைகள் 'பெம்பேஸாஆன்' என்று மலாயில் படிக்கும் பகுதி அது. முதல் வரி சரியாக இருந்தது. விதி அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது வரியில் அடுக்குகளைச் சுருக்கும்போது வழுக்கினாள். அடுக்கும் மடக்கையும் படிவம் நான்கில் நடத்தப்படுபவை. ஆக, ஐந்தாம் படிவப் பாடம் அவளுக்குப் புரியாமல் இல்லை. நான்காம் படிவத்தில் ஒரு கல் பெயர்ந்து கிடக்கிறது. அதை எடுத்து வைக்க ஒரு நல்ல ஆசிரியருக்குச் சில வாரங்கள் போதும். அது தெரியாமல் அந்தப் பிள்ளை, 'எனக்குக் கணித மூளை இல்லை' என்ற தீர்ப்பைத் தனக்குத் தானே எழுதிவைத்திருந்தது.

வகையிடலும் தொகையிடலும் படிவம் ஐந்தில் வருகின்றன. பொறியியல், அறிவியல் அடித்தளப் படிப்பிலும், ஏ-லெவல் கணிதத்திலும் அவை மறுபடியும் வருகின்றன. அங்கே பாடம் வேகமாக நடக்கும். விரிவுரையாளர், பள்ளி ஆசிரியரைப் போல நின்று நின்று சொல்லித்தர மாட்டார். இன்று நாம் இறக்கி வைக்கும் சுமை கல்லூரியின் வாசலில் நமக்காகக் காத்திருக்கும். அங்கே அதைத் தூக்கிக் கொடுக்கக் கை இருக்காது. அதே சமயம், சட்டமோ, சமையற்கலையோ, வரைகலையோ படிக்கப் போகும் பிள்ளைக்கு அது காத்திருக்காது என்பதும் உண்மை.

அப்படியானால் யார் விடலாம்? விடலாம் என்று நானே சொன்ன பிள்ளைகளும் உண்டு. ஒரு மாணவன் தந்தையை இழந்தவன். மாலையில் உணவுக்கடையில் வேலை செய்து தங்கையின் பள்ளிச் செலவைப் பார்த்தான். அவனுடைய கடிதம் கணக்கியல் டிப்ளோமாவுக்கு வந்தது. அந்தக் கடிதத்தில் கூடுதல் கணிதம் கேட்கப்படவில்லை. ஆனால் அவனுக்கு வரலாற்றுப் பாடம் ஆட்டம் கண்டிருந்தது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம்; வரலாறு 2013 முதல் அப்படி ஆனது. கூடுதல் கணிதமோ விருப்பப் பாடம். அதில் தவறினாலும் சான்றிதழ் போகாது. வரலாற்றில் தவறினால் போய்விடும். கூடுதல் கணிதத்துக்குச் செலவாகும் நேரத்தை வரலாற்றுக்குத் திருப்பு என்று அவனிடம் சொன்னேன். உடல்நலம் குன்றிய பிள்ளைக்கும், தூக்கமிழந்து மனம் சோர்ந்து நிற்கும் பிள்ளைக்கும் அதையே சொல்வேன். பெற்றோர்களே, பிள்ளை சாப்பாட்டை ஒதுக்குகிறது, யாரிடமும் பேசுவதில்லை என்றால், அது புள்ளியைப் பற்றிப் பேசும் நேரமன்று. முதலில் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

ஆக, வைத்துக்கொள்வதும் சரியாகலாம், விடுவதும் சரியாகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் நம் பிள்ளைகளிடம் அதிகம். அதைப் பற்றிப் பேசவே இன்று எழுந்தேன்.

பிள்ளை பாடத்தை விடுவதாக யாரிடமும் சொல்வதில்லை. தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்கிறது. வகுப்பில் உடல் இருக்கிறது. புத்தகம் மேசையில் திறந்திருக்கிறது. மனம் மட்டும் கடிதம் வந்த அன்றே போய்விட்டது. தாயார் பிரத்தியேக வகுப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டிக்கொண்டே இருக்கிறார். ஆசிரியர் பயிற்சித்தாளைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். பிள்ளை மட்டும் பாதி விட்டுவிட்டது. இதில் யாருக்கு என்ன லாபம்? விட்டவனுக்குக் கிடைக்க வேண்டிய நேரமும் கிடைப்பதில்லை. படித்தவனுக்குக் கிடைக்க வேண்டிய அறிவும் கிடைப்பதில்லை. அதைவிடக் கெடுதல் ஒன்று உண்டு. இடம் கிடைத்ததும் முயற்சியை நிறுத்தலாம் என்ற பழக்கம் ஒரு பாடத்தோடு நிற்காது. கூடுதல் கணிதத்தில் தொடங்கி இயற்பியலுக்குப் போகும். பிறகு ஆங்கிலத்துக்கும் வரும். முடிவு வரும் நாளில், எந்தப் பாடத்தை விட்டோம் என்று பிள்ளைக்கே தெரியாது.

நம் தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று நாம் காணும் காட்சியை நினைத்துப் பாருங்கள். காப்புக் கட்டி விரதமிருந்த ஒருவருக்கு உடல் முடியாமல் போனால், பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? இவ்வாண்டு காவடி வேண்டாம், பால்குடம் எடு என்கிறார்கள். முருகன் சன்னிதியில் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்கிறார். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் 500-க்கும் மேற்பட்ட அந்தப் படிகளில் பாதி ஏறியபின், காவடியை ஓர் ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, எடுத்து முடித்தவர்போல் மேலே போய் நிற்பவரை நான் கண்டதில்லை. எடுப்பதானால் உச்சிவரை எடுக்கிறோம். முடியாவிட்டால் சொல்லிவிட்டு மாற்றிக்கொள்கிறோம். படிப்புக்கும் அதே முறை போதும்.

மாணவச் செல்வங்களே, விட வேண்டும் என்று தோன்றினால் நான்கு பேரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்பா அம்மாவிடம், பாட ஆசிரியரிடம், ஆலோசக ஆசிரியரிடம், இடம் கொடுத்த கல்லூரியிடம். இந்த நால்வரிடமும் சொல்லத் துணிவு வந்தால், பெரும்பாலும் உங்கள் காரணம் நல்ல காரணமாகவே இருக்கும். சொல்ல நா எழவில்லை என்றால், காரணத்தை மறுபடியும் சோதித்துப் பாருங்கள். தேர்வுக்குப் பெயர் பதிவு ஆண்டின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதையும் மறவாதீர்கள். பதிந்தபின் தேர்வு மண்டபத்துக்குப் போகாதிருந்தால், வரவில்லை என்ற குறிப்புத்தான் மிஞ்சும். படித்த அளவுக்குப் போய் எழுதுவது அதைவிட மேல். வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், வாரத்தில் எந்த இரண்டு மாலைகள் அந்தப் பாடத்துக்கு என்று குறித்து, காலண்டரில் எழுதித் தொங்கவிடுங்கள்.

பெற்றோர்களே, 'பக்கத்து வீட்டுப் பிள்ளை 11 பாடம் எழுதுகிறது' என்ற பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம். பிள்ளை வந்து சொல்லும்போது கோபப்பட்டால், அடுத்த முறை அது சொல்லாது. சொல்லாமல் பாதி விடும் பழக்கம் அங்கேதான் முளைக்கிறது.

நிறைவாக நன்கொடையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் உண்டியலில் இடும் வெள்ளியும், அர்ச்சனைச் சீட்டுக்குக் கொடுக்கும் வெள்ளியும், திருவிழா உபயமும் பிள்ளைகளின் கட்டணமாக மாறுகின்றன. அதற்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இதுவரை நாம் பெரும்பாலும் எத்தனை 'ஏ' என்று பார்த்தே பரிசு கொடுத்துவருகிறோம். வெற்றி பெற்ற பிறகு கொடுக்கும் பணம் அது. தடுமாறி நிற்கும் நேரத்தில் கொடுக்கும் உதவி ஒன்றும் வேண்டும் என்பது எங்கள் கல்விக் குழுவின் விருப்பம். சனிக்கிழமைகளில் இம்மண்டபம் காலையில் காலியாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம். ஒரு வெண்பலகையும், அச்செடுக்கும் தாளும், பிள்ளைகளுக்குப் பசியாற ஏதாவதும் இருந்தால் போதும். கூடுதல் கணிதத்துக்கு ஒரு வகுப்பு, தமிழ் இலக்கியத்துக்கு ஒரு வகுப்பு. அதில் முதல் இடம், பாடத்தை விடலாமா என்று யோசிக்கும் பிள்ளைக்கு. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை பிறகு வரட்டும்.

பட்டர்வொர்த் மாணவி பாடத்தை விடவில்லை. அடுக்குக் கணக்கிலிருந்து மறுபடியும் தொடங்கியிருக்கிறாள். என்ன புள்ளி வரும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் தான் எதைச் செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்பது அவளுக்கு இப்போது தெரியும். அந்த உணவுக்கடை மாணவனுக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவர் வைத்துக்கொண்டார், ஒருவர் விட்டார். இருவரும் சொல்லிவிட்டுச் செய்தார்கள். இன்று உதவிநிதி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தத் தெளிவும் துணிவும் வாய்க்க வேண்டும் என்று கலைமகளையும் தண்டாயுதபாணிப் பெருமானையும் வேண்டிக்கொள்கிறேன்.